படித்துப் புரிந்துகொண்டேன்

தெருவில் அவருக்கு ஹெல்மெட் என்று பெயர். தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் வைத்தபடியே வீட்டிலிருந்து கிளம்புவார், வைத்தபடியே திரும்பி வருவார். யாராவது ஏணியில் ஏறிவிட்டால் போதும், கீழே நின்று, "ஏணியை ஒருத்தர் பிடிச்சுக்கணும், தெரியுமில்ல?" என்பார். பிடிக்க மட்டும் மாட்டார்.

தொழிற்சாலையில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, படித்துப் புரிந்துகொண்டேன் என்று அச்சடித்த அனுமதிச் சீட்டு; அதன் அடியில் அவர் கையெழுத்து. ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு. இத்தனை வருடத்தில் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதிரில் ஒரு தாள் நீண்டால் பேனா தானாக வெளியே வரும். வாய் ஒரு பக்கம் பேசும், கை ஒரு பக்கம் போடும். கண்ணுக்கு இதில் வேலையே கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் வாஷிங் மெஷின் ஷாக் அடித்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

முதலில் ஷாக் இல்லை. மெஷினைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் 'டப்' என்று விழுந்து வீடே இருண்டுவிடும், அவ்வளவுதான். மனைவி சொல்லி, பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் மீட்டர் அக்காவைக் கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த அம்மாள் முதலில் மீட்டரைத்தான் கையில் எடுப்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட அப்புறம்தான் பதில். அங்கே தொட்டு இங்கே தொட்டு ஒரு மணி நேரம் பார்த்தார்.

"சார், சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. மெஷின்ல கரண்ட் கசியுது. எர்த் வயரும் சுவத்துக்குள்ள எங்கயோ அறுந்திருக்கு. கொஞ்சம் உடைச்சுப் பார்க்கணும்."

சுவரையா? பெயின்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் அவரே தேர்ந்தெடுத்த நிறம்.

"சுவத்துல கை வைக்காதீங்க. சுவிட்ச் விழாம இருந்தா போதும்."

"விழறதுதான் சார் அதோட வேலை. ஆள் விழறதுக்கு முன்னாடி அது விழுந்து காப்பாத்துது."

"பாதுகாப்பைப் பத்தி எனக்கே பாடமா?"

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. அவர் பேசி முடிக்கும்வரை மீட்டர் அக்கா காத்திருக்கவில்லை. ஒரு தாளில் என்னமோ எழுதி நீட்டினார். பேனா வந்தது, கையெழுத்து விழுந்தது. அந்தத் தாளை சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். அதை ஹெல்மெட் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவர் அஞ்சு நிமிஷம். எந்த வேலையானாலும் 'அஞ்சு நிமிஷம்தான் சார்' என்பார். சொன்னபடி முடித்தும் விடுவார். ஒரு துண்டு வயரை எடுத்து ட்ரிப் சுவிட்சைச் சுற்றி வேறு வழியாகக் கரண்டைக் கொண்டுபோனார். கதவில் ஒட்டியிருந்த தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படித்தால் ஆறு நிமிஷம் ஆகிவிடுமே.

"இனிமே ஜென்மத்துக்கும் விழாது சார்."

"இவன்தான்யா எலக்ட்ரீஷியன்!" என்றார் ஹெல்மெட்.

விழவில்லைதான். மறுவாரம் ஈரக்கையோடு மெஷின் கதவைத் திறந்த மனைவிக்கு முழங்கைவரை சுரீரென்று ஏறியது. அவள் போட்ட கூச்சலில் ஓடி வந்தார். குற்றம் சொல்லக் கூடாது, உடனே நடவடிக்கை எடுத்தார். மெஷினுக்கு முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதைச் சுற்றித் தரையில் மஞ்சளும் கறுப்புமாக டேப். சுவரில் ஓர் அட்டை: 'செருப்பு அணிந்த பின்பே இயக்கவும்.' இரண்டடி தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் மெஷின் கதவை மரக்கரண்டியால்தான் நெம்பித் திறந்தாள்.

பிறகு மகள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறாள், ஒரு மாதம் இருப்பாள். பேத்திக்கு ஒன்றேகால் வயது. எதையாவது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். போனில் காட்டினாள் மகள்: அவர்கள் வீட்டு மெஷினின் வட்டக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, உள்ளே சுழலும் துணிக்கு டாட்டா சொல்லிக்கொண்டிருந்தாள் குட்டி. போனை வைத்ததும் மனைவி நேரே அவரிடம் வந்தாள்.

"ஏங்க, அந்த மீட்டர் அக்காவையே திரும்பக் கூப்பிடுங்க."

"எதுக்கு? அதான் செருப்பு இருக்கு, அட்டை இருக்கே."

"குட்டிக்குப் படிக்கத் தெரியுமா?"

அவர் யோசித்தார். "சின்ன சைஸ்ல ஒரு ஜோடி வாங்கிடலாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் அது சம்மதம் இல்லை என்பது இருபத்தைந்து வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒரு கன்னத்தை மழித்து முடித்திருந்தார். குளியலறை விளக்கு அணைந்தது. சோப்பு நுரையோடு வெளியே வந்தால் மெயின் சுவிட்ச் கீழே இறக்கியிருக்கிறது. அதன் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டு. அவருடைய பூட்டுதான், அலுவலகப் பையிலிருந்து எடுத்தது. அதில் அவருடைய அட்டையே தொங்கியது: 'ஆபத்து. ஆள் வேலை செய்கிறார். இயக்காதே.' பெயர் எழுதும் இடத்தில் மனைவியின் பெயர், முத்து முத்தான எழுத்தில்.

"சாவி எங்க?"

"என்கிட்ட."

"குடு."

"பூட்டுப் போட்டவங்கதான் எடுக்கணும். மேனேஜரே வந்து நின்னாலும் இன்னொருத்தர் தொடக் கூடாது. யாரு எழுதின விதி?"

அவர் எழுதியதுதான். சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் ஆக்கியதும் அவர்தான். அடுத்தவர் பூட்டை அறுத்த ஒருவனை வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறார்.

"இங்க யாரு வேலை செய்யறா?" என்றார், கடைசி அஸ்திரமாக.

"நான்தான். இருபத்தஞ்சு வருஷமா."

ஒற்றைக் கன்னத்து நுரையோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு மீட்டர் அக்கா வந்தார். மனைவி முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள். பூட்டையும் அட்டையையும் பார்த்து அசந்துபோனார்.

"எந்த வீட்லயும் இப்படி ஒரு ஏற்பாடு பார்த்ததில்ல. சார் வேலையா?"

சார் தரையைப் பார்த்தார்.

பெட்டியைத் திறந்து டார்ச் அடித்த மீட்டர் அக்கா, சுற்றிப்போன வயரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு வெளிச்சத்தைக் கதவின் உட்பக்கம் திருப்பினார். தாள் அப்படியே இருந்தது. "இதை யாருமே படிக்கலையா?"

மனைவி கிட்டே போய் உரக்கப் படித்தாள். "'ட்ரிப் சுவிட்ச் சரியாக உள்ளது. வாஷிங் மெஷினில் கரண்ட் கசிகிறது. எர்த் இல்லை. இவற்றைச் சரி செய்யாமல் இந்த சுவிட்சை எடுத்தால் மெஷினைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. மேலே உள்ளதைப் படித்துப் புரிந்துகொண்டேன்.'"

அடியில், கோணல் மாணலாகக் கிளம்பிக் கடைசியில் ஒரு வெட்டு வெட்டி நிற்கும் அந்தக் கையெழுத்து.

"தொடுபவர்னா நான்தாங்க," என்றாள்.

படிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். படிக்காமல் போட்டேன் என்றால் ஒரு குற்றம், படித்துவிட்டுப் போட்டேன் என்றால் அதைவிடப் பெரிய குற்றம். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சுவத்தை உடைச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

உடைத்தார்கள். எர்த் வயர் அறுந்துதான் கிடந்தது. மெஷினுக்குள் ஒரு வயர் தகரத்தில் உரசி உரசித் தோல் போயிருந்தது. எல்லாவற்றையும் மாற்றி, ட்ரிப் சுவிட்சைச் சுற்றிப்போன வயரையும் பிடுங்கி முடிக்க மதியம் ஆனது. மனைவி பூட்டைத் திறந்து மெயினைப் போட்டாள். மீட்டர் அக்கா சுவிட்சில் இருந்த சோதனைப் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னார். 'டப்!' விளக்கு அணைந்தது. "விழுந்துடுச்சு!" என்று குழந்தைபோலக் கை தட்டினாள்.

போகும்போது மீட்டர் அக்கா ஒரு தாளை நீட்டினார். பேனா தானாக வெளியே வந்தது. மனைவி தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதுக்கு நான் போடறேன். படிச்சுட்டு."

ஞாயிற்றுக்கிழமை வந்த குட்டி, யாரையும் கேட்காமல் நேரே போய் வட்டக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். துணி அலசி முடியும்வரை ஹெல்மெட்டும் வெறுங்காலோடு, மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தபடி பக்கத்திலேயே நின்றார்.

திங்கட்கிழமை காலை முதல் அனுமதிச் சீட்டோடு ஃபிட்டர் வந்தார். ஹெல்மெட் பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். மூன்றாவது வரியில் பூட்டு எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அடுக்கில் இருந்த பழைய சீட்டுகளை இழுத்துப் புரட்டினார். அவற்றிலும் காலி. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து.

ஃபிட்டர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அவருக்கு இது புதுசு. சார் எதையோ தேடுகிறார் என்று இரக்கப்பட்டு, குனிந்து, கிரீஸ் படிந்த விரலைச் சீட்டின் அடியில் வைத்தார்.

"கையெழுத்து இங்க சார்."