படுத்துக் கிடந்த அலமாரி

அம்மிணி மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அறைக்குள் கால் வைக்க இடமில்லை. கட்டிலை ஒருக்களித்து ஓரமாகச் சாத்தியிருந்தது. நடுத்தரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் அலமாரி குப்புறக் கிடந்தது. அதன் முதுகுப் பலகையை அவளுடைய அண்ணன் ராஜமணி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இது என்னது அண்ணே, வள்ளமா? மழ கூடுனா கரமனை ஆத்துல இறக்கிரலாம்.”

தங்கை என்ன சொன்னாலும் சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை. நல்ல சமயத்தில்தான் வந்தாய், பையை வைத்துவிட்டு வா, தூக்கி நிறுத்த ஒரு கை குறைகிறது என்றார். அவள் பின்னாலேயே தேநீரோடு ஏறி வந்த தாசம்மாள் கணவரின் குரலைக் கவனித்தாள். அதில் ஒரு உற்சாகம் இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர்களுக்கு வரும் உற்சாகம்.

மறுநாள் ஜிஷாவின் ஆண்டு ஜெபம். அவர்களுக்கு ஒரே மகள். எலிக்காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகிறது. சபையிலிருந்து போதகர் வருகிறார். பாறசாலையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். வித்துராவிலிருந்து மருமகன் சிபியும் வருவதாகப் போனில் சொல்லியிருந்தான். அவர்களெல்லாம் வருவதற்குள் அலமாரி நிற்க வேண்டும், அதில் மகளுடைய துணிகள் தொங்க வேண்டும், ஜெபம் முடிந்ததும் எல்லோரையும் மாடிக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்பது ராஜமணியின் திட்டம். காட்டிவிட்டு அவர் என்ன சொல்வார் என்பதும் தாசம்மாளுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகுதான் போனில் தச்சு வேலை வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினார். முதலில் செருப்பு வைக்கிற ஸ்டாண்டு. பிறகு பைபிளும் பாட்டுப் புத்தகமும் வைக்க ஒரு தட்டு. அது சுவரில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. சபைக்காரர்கள் வந்தால் சுவர்தான் சரியில்லை என்பார். அதற்குப் பிறகு இந்த ஆசை. ஆசாரி செய்தால் சாமான் அறையில் கிடக்கும், நான் செய்தால் அறையோடு அறையாக இருக்கும் என்றார். தரையிலிருந்து கூரை வரை, இந்தச் சுவரிலிருந்து அந்த ஜன்னல் வரை, ஒரு விரல் நுழைய இடமில்லாமல். மாடியில் ஜிஷாவுக்காகப் பிறகு கட்டிய அறை அது. கூரை சற்றுத் தாழ்வு.

பலகையைப் பிடித்துக்கொள்வது தாசம்மாளின் வேலை. அவர் அறுக்கும்போது மறுமுனையில் ஏறி உட்கார வேண்டும். துளை போடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்த வேண்டும். பசை தடவி ஒட்டினால், அது இறுகும்வரை மூச்சு விடாதது மாதிரி நிற்க வேண்டும். “அசையாத பிள்ளே” என்பார் ராஜமணி. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் யார் கூப்பிட்டாலும் சரி. அவளுக்கும் இதில் ஒரு பெருமை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைக் கூட்டு வேலைக்குக் கூப்பிட்டது அப்போதுதான்.

எதற்கு மாடியில் போட்டுச் செய்கிறீர்கள், கீழே கார் நிறுத்தும் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று ஒருமுறை கேட்டாள். மழைச் சாரல் அடிக்கும் என்றார். ஒத்துக்கொள்ளக்கூடிய பதில்தான். ஆனால் அவர் பலகைகளை மேலே ஏற்றியது எப்போது என்பது பின்னால்தான் அவளுக்கு உறைத்தது. ஜிஷா இரண்டாவது முறை புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் இருந்து, ஒருவழியாகத் திரும்பிப் போன அதே வாரம். அந்த மாதங்களில் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருத்தி, “ஜிஷா இன்னும் போவல்லியா?” என்று கேட்பாள். ராஜமணியின் காது மடல் சிவந்துவிடும். மகள் போனாள். மறுநாளே அவளுடைய கட்டில்மேல் பிளைவுட் ஏறியது.

போன வருடம் மழை விடாமல் பெய்த ஒரு நாளில் அந்தப் போன் வந்தது. ராஜமணியின் இரண்டு கையிலும் பசை. ஜன்னல் திண்டில் கிடந்த போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். தாசம்மாள் ஒரு கையால் பலகையை விடாமல், மறுகையை நீட்டிப் போட்டாள்.

“அப்பா, எனக்கு ஒட்டும் வய்யா, எழும்பவே முடியல்ல. காய்ச்சல் விடவே மாட்டேங்குது. இஞ்ச யாரும் ஏன்னு கேக்கல்ல. கொஞ்ச நாளு அங்க வந்து கெடக்கட்டா?”

“ரூம் பூரா பலகையா கெடக்கு மோளே. ஒரே தூசு. காய்ச்சலுக்கு ஆகாது. இந்த வார்ட்ரோப் முடியட்டு. ஓணத்துக்கு நானே வந்து கூட்டிட்டு வாறேன்.”

“கீழ ஹால்ல படுத்துக்கிடுவேனே அப்பா.”

“சாரமில்ல மக்களே, கொஞ்சம் பொறுத்துக்கோ. ஓணம் இன்னா வந்திரும்.”

தாசம்மாள் இதை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, ஆராதனையில் கண்ணை மூடி நிற்கும்போது. ஓணம் இன்னா வந்திரும் என்பது வரை ஓடும். அங்கே நின்றுவிடும்.

வித்துரா வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம், ஓடை. வெறுங்காலோடு நடந்து ஜிஷா அந்தக் காய்ச்சலை எங்கேயோ வாங்கிக்கொண்டாள். சிபி வீட்டார் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். கண் மஞ்சளித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அதற்குள் சிறுநீரகம் போய்விட்டது. ஓணத்துக்கு முன்பே எல்லாம் முடிந்தது. அலமாரி முடியவில்லை.

அடக்கத்தன்றே ராஜமணி அதைச் சொல்லத் தொடங்கினார். யார் கையைப் பிடித்தாலும் சொன்னார். “ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த நிமிசமே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன். பிள்ள ஒண்ணும் சொல்லல்ல. எல்லாத்தையும் உள்ளேயே வச்சிட்டுப் போயிட்டா.” கேட்டவர்கள் அழுதார்கள். அவரும் அழுதார். அழுகை நிஜம் என்பதுதான் தாசம்மாளால் தாங்க முடியாததாக இருந்தது. ஒருவேளை அவர் மறந்தே போனாரோ என்றுகூட அவள் நினைத்ததுண்டு. பிறகு மகளுடைய துணிகளை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டு சிபி வந்தான். அவனிடமும் அதையே சொன்னார். சிபி தலையைத் திருப்பித் தாசம்மாளைப் பார்த்தான். ஜிஷா வித்துராவிலிருந்து போன் பேசியபோது அவன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பார்வை அவனைக் குற்றவாளியாகக் காட்டவில்லை. இவர்களும் நம்மைப் போலத்தான் என்று கண்டுகொண்டவனின் பார்வை அது. ராஜமணி குனிந்து பெட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். துணியைப் பெட்டியில் போட்டுவைக்கக் கூடாது என்று மறு வாரம் மீண்டும் பலகையைத் தொட்டார். “கொஞ்சம் பிடி பிள்ளே” என்றார். அவளும் போய்ப் பிடித்தாள்.

இப்போது அம்மிணி தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னாள், நாளைக்கு அண்ணன்தான் இரண்டு வார்த்தை பேச வேண்டும், போதகர் பேசினால் பொதுவாகப் பேசுவார் என்று. ராஜமணி துணியை மடித்து வைத்துவிட்டு, பேசுவதற்கு என்ன இருக்கிறது அம்மிணி என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று தொடங்கி, ஒத்திகை பார்ப்பவர் போல முழுவதையும் சொல்லி முடித்தார். இந்த முறை கடைசியில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. “அவளுக்குன்னு இந்த ரூம ஒருக்கி வச்சிட்டுக் காத்திருந்தேன்.”

அம்மிணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தாசம்மாள் காலி டம்ளர்களை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள்.

தூக்கினார்கள். அலமாரியின் கால்பக்கம் சுவரைப் பார்த்துக் கிடந்தது. சுவருக்கும் அதற்கும் நடுவில் தாசம்மாள் முதுகைச் சுவரில் கொடுத்து, இரண்டு பாதங்களாலும் அடிப்பலகையை முட்டிக்கொள்ள வேண்டும், தரையில் வழுக்கிவிடக் கூடாது. தலைப்பக்கத்தை அண்ணனும் தங்கையும் தூக்கினார்கள். முழங்கால் உயரம், இடுப்பு உயரம். அம்மிணி இயேசுவே இயேசுவே என்றாள். ராஜமணி உள்ளே புகுந்து தோளைக் கொடுத்தார். அலமாரி மெல்ல எழுந்து, அவரையும் அம்மிணியையும் தாசம்மாளின் கண்ணிலிருந்து மறைத்தது. அவள் முன்னால் முதுகுப் பலகை மட்டும்தான் இருந்தது. பிறகு மேலே நறுக்கென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

மேல் மூலை கூரையில் முட்டியிருந்தது. நேராக நின்றால் ஒரு நூல் இடைவெளி மிஞ்சும் என்று ராஜமணி எத்தனையோ முறை அளந்து பார்த்திருக்கிறார். ஆனால் சாய்ந்து எழுகிற பெட்டிக்கு அதன் உயரம் கணக்கில்லை, மூலைக்கு மூலை உள்ள நீளம்தான் கணக்கு. ஆசாரிமார் அடிப்பீடத்தைத் தனியாகச் செய்து, பெட்டியை நிறுத்திய பிறகு அதன்மேல் ஏற்றுவார்கள். இவர் உறுதிக்காக எல்லாவற்றையும் சேர்த்தே ஒட்டித் திருகியிருந்தார். அந்தப் பீடத்தை ஒட்டிய நாளிலும் தாசம்மாள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு தள்ளு தள்ளுனா போயிரும்” என்றது ராஜமணியின் குரல். தள்ளினார். மூலை சிமெண்டுப் பூச்சுக்குள் இன்னும் ஆழமாக ஏறியது. இப்போது மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அம்மிணி, கை போகுது அண்ணே என்றாள். விட்டிராதே, விட்டா என் தலையில இறங்கும் என்றார் அவர். “தாசு, கால அழுத்திப் பிடி. அசையாத.”

தாசம்மாள் அசையவில்லை. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அவருடைய மூச்சைக் கேட்டாள். முகம் தெரியாமல் குரல் மட்டும் வருவது அவளுக்கு எளிதாக இருந்தது.

“இஞ்சேருங்க. அன்னைக்குப் போன்ல அவகிட்ட என்ன சொன்னீங்க?”

பலகையில் அவருடைய தோள் உரசுவது கேட்டது.

“அம்மிணி கேக்கட்டு. சொல்லுங்க.”

“இப்பமா பிள்ளே?”

“இப்பம்தான். உங்களுக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு. அன்னைக்கும் அப்படித்தான் இருந்தது.”

அம்மிணி, என்ன மைனி, என்ன போன் என்று கேட்டாள். அலமாரிக்குள் எங்கோ ஒரு மரத்தட்டு முறுகும் சத்தம் கேட்டது. தாசம்மாள் தன் பாதங்களைப் பார்த்தாள். இரண்டையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் போதும். இழுக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் அது தெரியுமா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“தூசுன்னு சொன்னேன்” என்றார் ராஜமணி.

“அப்புறம்?”

“ஓணத்துக்கு வரலாம்னு சொன்னேன்.”

“ஆருகிட்ட அண்ணே?” என்றாள் அம்மிணி.

“மோள்கிட்ட.”

மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். வெளியே சாலையில் ஒரு பஸ் கியர் மாற்றிப் போனது. இதற்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தோம் என்று தாசம்மாள் நினைத்தாள். இன்னொருவர் காதில் விழ, அவர் வாயால். நாளைக்கு அவர் அந்த ‘ஒரு வார்த்தை’க் கதையைச் சொல்லப் போவதில்லை. கனம் இறங்கும் என்று எதிர்பார்த்தாள். காலில் இருந்த கனம் அப்படியே இருந்தது.

அப்போது பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மெதுவாகக் கேட்டார். கோபமே இல்லாத குரல்.

“அம்ம பக்கத்துல உண்டான்னு அவ கேட்டா தாசு. உண்டுன்னேன். நீ அவகிட்ட என்ன சொன்னே?”

தாசம்மாள் பாதங்களை இன்னும் அழுத்திக்கொண்டு சொன்னாள்.

“சுக்குத் தண்ணி வச்சுக் குடி மக்களே, சரியாயிரும்னு சொன்னேன்.”

“பசை இறுகல்ல” என்றார் ராஜமணி. “அதான் நீ பலகைய விட்டுட்டு வரல்ல.”

அம்மிணியின் மூச்சு விட்டு விட்டு வந்தது. அவள் அழுகிறாளா, வலியில் மூச்சை அடக்குகிறாளா என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

கீழே ஒரு வண்டி வந்து நின்றது. கேட்டைத் திறக்கும் சத்தம். நாளைய ஜெபத்துக்கு வாடகைக்குச் சொன்ன நாற்காலிகள். “சேட்டா, கசேர எவிடெ இறக்கணும்?” என்று ஒருவன் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டான். சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட்டான். மேலே யாராலும் ஜன்னலுக்குப் போக முடியவில்லை, யாரும் பதில் சொல்லவும் இல்லை. இங்கே ஆளில்லை போலிருக்கிறது என்று அவன் இன்னொருவனிடம் மலையாளத்தில் சொல்வது கேட்டது. பிறகு அவர்களாகவே ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, ஒவ்வொன்றாக உருவி, காலியான முற்றத்தில் வீட்டைப் பார்த்து வரிசையாகப் போடத் தொடங்கினார்கள்.