டொன் எவரிஸ்தோவின் பச்சை முகம்

சுவரோவியம் முடிந்த மறுநாள் காலையில் டொன் எவரிஸ்தோவின் முகம் பச்சையாகிவிட்டது. நோய் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ‘டொன்’ என்பது எங்கள் ஸ்பானிஷில் பெரியவர்களுக்கான மரியாதைச் சொல். வட ஃபிலடெல்ஃபியாவில் எங்கள் தெருத் தோட்டத்தின் சாவி அவரிடம்தான் இருந்தது. எந்தப் பாத்தி யாருக்கு என்று முடிவு செய்பவரும் அவரே. பச்சை முகத்தோடேயே வந்து கதவைத் திறந்தார். “பரவால்ல டொன், இனிமே பூச்சியெல்லாம் உங்களத்தான் கடிக்கும், என் தக்காளி தப்பிச்சுது,” என்றாள் எதிர்வீட்டு நெரெய்தா. அவரும் சிரித்தார்.

காரணம் தெரிந்தவள் ஒருத்திதான்: ஓவியம் வரைந்த மிக்டாலியா. எங்கள் ஊரில் பெரிய சுவரை ஒரே ஆள் வரைவதில்லை. ஓவியர் துணியில் கோடு போட்டு, கட்டத்துக்குக் கட்டம் எண் எழுதி வைப்பார். தெருவே திரண்டு வந்து, எண்ணுக்குரிய டப்பாவைப் பார்த்து நிரப்பும். பிறகு துணியைச் சுவரில் ஒட்டுவார்கள். ஆறு என்றால் இலைப்பச்சை. பதினான்கு, ஓவியத் தோட்டத்தின் நடுவே வரவேண்டிய டொன் எவரிஸ்தோவின் முகத்துக்கென்றே கலந்த மாநிறம். அவர் முகம் வரவேண்டிய கட்டங்களில் எல்லாம் மிக்டாலியா ஆறு என்று எழுதிவிட்டாள். நாங்கள் அரட்டையடித்தபடி பூசித் தள்ளினோம். அவரும் தன் கன்னத்தைப் பூசினார், பாவம், அவரைக்கொடி என்று நினைத்துக்கொண்டு.

அவள் கோபம் சும்மா வந்ததல்ல. ஒரு பருவம் களை மண்டினால் பாத்தி கைமாறும் என்பது தோட்டத்து விதி. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கோடையில் டொன் எவரிஸ்தோ அம்மாவின் பாத்தியை வேறொருவருக்குக் கொடுத்தார்; வந்தவர் துவரையைப் பிடுங்கிப் போட்டார். திரும்பி வந்து அதைப் பார்த்த அம்மா அதற்குமேல் அதிக நாள் இருக்கவில்லை.

ஆனால் பச்சை முகத்தைக் கண்டது முதல் மிக்டாலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. பதினான்காம் டப்பாவோடு ஏணியில் ஏறிச் சுவரில் அவர் முகத்தைப் பூசிப் பார்த்தாள். பூசப் பூச அடியிலிருந்து இலை முளைத்து மூடியது. கடைசியில் இறங்கிவந்து, தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தவரிடம் எல்லார் முன்னாலும் சொன்னாள்: “நான்தான் டொன். நம்பர வேணும்னேதான் மாத்தி எழுதினேன்.”

அவர் முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். “உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தது எனக்குத் தெரியும் மகளே. தெரிஞ்சேதான் குடுத்தேன். இந்தக் கலர் எனக்கு நல்லா வேணும்தான்.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க!” என்று அவள் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். பூசிய நாங்கள் எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தன் பாத்தியில் பாதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அவள் துவரை போட்டாள்.

பச்சை போகவில்லை. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகி, வசந்தத்தில் மறுபடி துளிர்த்தது. லைசென்ஸ் ஆபீசில் படம் எடுத்தவர்கள் சிரிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்களாம். ஓர் அக்டோபரில், முகம் மஞ்சளாக இருந்தபோது, அவர் இறந்தார். சவப்பெட்டியில் கிடந்த முகத்துக்குப் பவுடர் பூச வந்தவரை நாங்கள் தடுத்துவிட்டோம்.

அடுத்த வசந்தத்தில் சுவரில் அவரைக்கொடியின் இலைகள் விலகின. உள்ளே அவர், நல்ல மாநிறத்தில், யாரும் பூசாமலேயே இருந்தார். பக்கத்தில் இன்னொரு முகமளவு இடம் வெறுமையாக இருந்தது. அங்கே மிக்டாலியா தன் அம்மாவை வரைந்தாள். எண் எழுதவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. அம்மா நேராகப் பார்ப்பதுபோலத்தான் வரைந்தாள். மறுநாள் அம்மா டொன் எவரிஸ்தோவின் பக்கம் திரும்பியிருந்தாள். என் துவரை எங்கே என்று கேட்கிறாள் என்கிறாள் நெரெய்தா. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நாங்களும் அந்த ஓவியத்தைத் திருத்தவில்லை.