பெயர் எழுதாத பெட்ஷீட்

செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டு மறுநாள் காலை கையெழுத்துப் போடுவதாக இருந்தான், சிறையில் இருந்த என் தம்பி ராண்டெல். போட்டால் சாயங்காலமே வீட்டுக்கு வரலாம். ஆனால் காலத்துக்கும் திருடன் என்ற பெயர். பஸ் ஓட்டும் வேலையும் போய்விடும். வழக்கு நடத்துவதென்றால் எத்தனை மாதம் உள்ளே கிடப்பதோ! எங்கள் தெருவில் பாதி ஆண்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டுத் திரும்பியவர்கள்தான்.

சாட்சி சொல்ல அன்றுதான் ஒரு பெண் ஒப்புக்கொண்டாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? உள்ளே ஏதோ அடிதடி என்று போனையும் பார்வை நேரத்தையும் நிறுத்தியிருந்தார்கள். வக்கீல் மகாராஜா போனையே எடுக்கவில்லை.

பொழுது சாயும்போது சிறைக்கு எதிரே இருக்கும் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடிக்கு ஓடினேன். ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பெண்கள் நாங்கள் அங்கேதான் கூடுவோம். பெட்ஷீட்டில் பெரிதாக எழுதிப் பிடித்தால் இந்தப் பக்கத்து ஜன்னல்காரர்கள் படித்து, கழிவறைக் குழாய் வழியே குரல் கொடுத்து மாடி மாடியாகச் சொல்லி அனுப்புவார்கள். ராண்டெலின் அறை பின்பக்கம்.

"கையெழுத்துப் போடாதே. நீ வரும்வரை நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதிப் பிடித்தேன். மறுமுனையைப் பிடித்திருந்த எங்கள் தெரு ஒடெஸா எட்டிப் பார்த்தாள்.

"பேரு எங்கடி?"

"என்ன பேரு?"

"உன் தம்பி பேருடி, கூறு கெட்டவளே! அத்தன ஆம்பளைங்க இருக்கானுங்க உள்ள. யாருக்குன்னு நெனப்பானுங்க?"

பெயின்ட் டப்பாவை எடுப்பதற்குள் ஒரு ஜன்னலில் வெளிச்சத்தைத் துண்டால் மறைத்து மறைத்துக் காட்டினார்கள். படித்துவிட்டார்களாம். பக்கத்து ஜன்னலும் சிமிட்டியது. பிறகு மேல் வரிசை, கீழ் வரிசை, கடைசியில் அந்தக் கட்டடம் முழுக்க. எத்தனையோ வருஷமாக அங்கே போகிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அதற்குள் காவலர்கள் வந்து எங்களை விரட்டிவிட்டார்கள். காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று வழியெல்லாம் அழுதேன்.

காலையில் கோர்ட். முதல் ஆளிடம் பேனாவை நீட்டினார்கள். "போட மாட்டேங்கம்மா. எங்கம்மா வேணாம்னுட்டாங்க" என்றான். நீதிபதி அம்மாள் அடுத்தவனைக் கூப்பிட்டார். "எம் பொண்டாட்டி சொல்லிட்டா, முடியாதுங்க." அதற்கடுத்தவனும் மாட்டேன் என்றான். நிமிஷத்துக்கொருவராக அனுப்பிப் பழகிய கோர்ட் அப்படியே நின்றுபோனது.

ராண்டெல் வந்தான். என்னைப் பார்த்தான். பேனாவைத் தொடவே இல்லை. "எங்கக்கா சொன்னா சொன்னதுதான்" என்றான். அப்பாடா!

கடைசியாக ஒரு கிழவர், கைவிலங்கோடு.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?" நீதிபதியின் குரல் சலித்திருந்தது.

"தெரியலம்மா. எனக்குன்னு யாருமில்ல. ஆனா நேத்து யாரோ எழுதிப் பிடிச்சாங்களாம், நான் வர்ற வரைக்கும் இருப்போம்னு."

பின்வரிசையில் நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லிக் காவலர் அதட்டினார்.

"அவருக்கும் நான்தாம்மா எழுதினேன்" என்றேன்.