பேசாத போன்

கோடு போட யாழினி எப்போதும் ஸ்கேல் வைத்துக்கொள்வாள். கையால் அடித்தால் கோடு வளையும். வளைந்தால் அடித்தது சரிதானா என்று சந்தேகம் வரும். சந்தேகம் வந்துவிட்டால் அன்றைய தூக்கம் போயிற்று. ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எந்தெந்தச் செலவை நிறுத்தலாம் என்று டைரியில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதும் ஸ்கேல் வைத்துத்தான் அடித்தாள். பாலில் பாதி. கேபிள் டிவி முழுவதும். அப்பாவின் வண்டிக்குப் பெட்ரோல் வாரம் ஒரு லிட்டரோடு சரி. ஒன்பதாவது வரியில் ‘பட்டன் போன் ரீசார்ஜ்’ என்று இருந்தது. பக்கத்தில் ‘யாரும் பேசுவதில்லை’ என்று குறித்துவிட்டு அதையும் அடித்தாள்.

அந்த வேலை அவளுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவளுடைய டேலி வகுப்புதான். பகலில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழே கால் வரை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வகுப்பு. “கணக்குப் படிக்கிறவ நீதானே, நீயே பாரு கண்ணு” என்று அம்மா விஜயராணி சொல்லிவிட்டாள். அப்பா அழகுமலை தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் வீரபாண்டியில் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில் துண்டுகளை இணைக்கிற ஓவர்லாக் ஒன்று, கழுத்தும் ஓரமும் மடித்து அடிக்கிற பேட்லாக் ஒன்று, அம்மா ஜாக்கெட் தைக்கிற சிங்கர் ஒன்று என்று மூன்று மிஷின்கள் இருந்தன. கம்பெனிகளிலிருந்து வெட்டிய பனியன் பீஸ்களை வாங்கி வந்து தைத்துக் கொடுப்பது அப்பாவின் தொழில். அமெரிக்காவில் வரியை ஏற்றியதும் ஆர்டர் நின்றது. வழக்கமாக வேலை கொடுத்த இரண்டு கம்பெனிகளும் ஷட்டரை இறக்கிவிட்டன.

புரட்டாசி பிறந்தபோது அப்பா பேட்லாக் மிஷினுக்கு விலை பேசிவிட்டார். பழைய மிஷின் வாங்கி விற்கிற நஞ்சப்பன் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, “ஞாயித்துக்கெழமை வண்டி கொண்டாறேனுங்க” என்று சொல்லிப் போனார். அட்வான்ஸ் வீட்டு வாடகைக்குச் சரியாகப் போயிற்று. பேட்லாக் போனால் ஓவர்லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வேலையையும் முழுதாக முடித்துக் கொடுக்க முடியாது. ஐம்பத்து நான்கு வயதில், மடக்க முடியாத முழங்காலோடு, அப்பா ஏதாவது கம்பெனி வாசலில் போய் டெய்லர் வேலை கேட்டு நிற்க வேண்டும். இது மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில், ஜன்னலோரம் இடம் கிடைத்தும் யாழினியால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இன்னும் இரண்டே நாள். விரல்களை மடக்கியும் நீட்டியும் எதையோ கூட்டிக்கொண்டே வந்தாள். வீரபாண்டி பிரிவுக்கு முன்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்ததில் பஸ் நின்றுவிட்டது. எதிரே, தெருவிளக்கு எரிகிற ஒரு மின்கம்பம். வழக்கமாக அந்தக் கம்பத்தில் ‘டெய்லர் தேவை’, ‘கைமடி தேவை’ என்று அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். இரண்டு மாதமாக யாருக்கும் ஆள் தேவைப்படவில்லை. பழைய அட்டைகளும் மழையில் நைந்து விழுந்துவிட்டன. அவற்றுக்கு அடியில் இத்தனை நாள் மறைந்திருந்த ஒரு தகரம் இப்போது நன்றாகத் தெரிந்தது.

‘ஓவர்லாக், பேட்லாக் ஜாப் ஒர்க் செய்து தரப்படும்.’ கீழே ஒரு போன் நம்பர். அதில் இரண்டு ஏழுகள். ஒவ்வோர் ஏழின் நடுவிலும் ஒரு குறுக்குக் கோடு.

யாரும் ஒன்று என்று படித்துவிடக் கூடாது என்று ஏழின் நடுவில் கோடு போடுகிற பழக்கம் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. பதினொன்றாவது படிக்கும்போது ஒரு லீவு நாள் முழுக்க உட்கார்ந்து இருபத்திரண்டு தகரங்களில் நீலப் பெயிண்டால் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அப்பா வண்டியில் போய்ப் பல்லடம் ரோடு வரைக்கும் கட்டிவிட்டு வந்தார். பிறகு அவர் டச் போனுக்கு மாறினார், வழக்கமான ஆட்கள் புது நம்பருக்குக் கூப்பிட்டார்கள், தகரங்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தகரங்கள் அங்கேயேதான் இருந்தன.

பஸ் நகர்வதற்குள் அந்த நம்பரை அழுத்தினாள். ‘நீங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது சேவையில் இல்லை’ என்றது ஒரு பெண் குரல். யாழினிக்கு அது தன் பெயரைச் சொல்லிச் சொன்னது போலிருந்தது.

வழக்கமான வேலை நின்று போன வீட்டுக்குப் புதிதாக யாராவது கூப்பிட்டால்தான் உண்டு. புதிதாகக் கூப்பிடுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அது. அதைத்தான் அவள் ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள். எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள்? ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். பத்துப் பேராகவும் இருக்கலாம். எந்த டைரியில் எப்படி எழுதிப் பார்த்தாலும் விடை வராத கணக்கு அது.

வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியிலேயே ரீசார்ஜ் செய்தாள். வீட்டில் சொல்லவில்லை. போன் அடித்துவிட்டால், ஒரே ஒரு வேலை வந்துவிட்டால், சொல்லாமலே போய்விடலாமே என்று மனசு குறுக்கு வழி பார்த்தது. டீ டைமில் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

“ஏம்மா, அந்தப் பட்டன் போனு அடிச்சுதுங்களா?”

“அதா? அது பாட்டுக்குக் கெடக்குது. ஏங் கண்ணு?”

“சும்மாதானுங்கம்மா.”

மத்தியானம் மறுபடி கேட்டாள். சாயங்காலம் மறுபடி. அம்மா அதே பதிலைச் சொன்னாள். சனிக்கிழமையும் அப்படியே. செக்கிங் டேபிளில் ஒரு டி-ஷர்ட்டை எடுத்தால் வைக்க மறந்தாள். தையல் விட்ட இடத்தில், கறை பட்ட இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி டேமேஜைக் காட்டித் தள்ளிவிட வேண்டும். அதுதான் வேலை. எதிர் டேபிள் மயிலாளக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன் அம்முணி, காலைலருந்து ஒரே பீஸை அக்கட்டயும் இக்கட்டயும் திருப்பறயே. பனியன் பாக்கறயா, மாப்பிள்ளை பாக்கறயா?”

“டேமேஜ் இருக்குதுங்க்கா. அம்பு ஒட்டலாமா வேண்டாமான்னுதான்...”

“இருந்தா ஒட்டித் தொலை. அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்சா லாட்டோட திருப்பி உட்ருவான்.”

“அவந்தான் இப்ப வாங்கறதே இல்லியேக்கா.”

“அப்படின்னா நீயே கட்டிக்க” என்று மயிலாளக்கா சிரித்தாள். யாழினிக்குச் சிரிப்பு வரவில்லை. போகும்போது அம்பு ஸ்டிக்கர் ஷீட்டில் மீதியிருந்த ஒரு துண்டு அவள் சுடிதாரில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது.

சனிக்கிழமை வகுப்பு இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா பேட்லாக் மிஷினுக்கு எண்ணெய் போட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப் போகிற மிஷினை யாரும் அப்படித் துடைக்க மாட்டார்கள். ஊசி இருக்கிற இடத்தைக்கூடத் துணியைத் திரித்து நுழைத்துத் துடைத்தார். நூல்கோன் அடுக்கிய பலகையின் மூலையில் பட்டன் போன் கிடந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். “அப்பா, டீ குடிச்சீங்களா?” என்றுதான் வந்தது.

“ஆச்சு கண்ணு.”

உள்ளே போனாள். வெளியே வந்தாள். தண்ணீர் குடித்தாள். டைரியை எடுத்து ஒன்பதாவது வரியைப் பார்த்துவிட்டு மூடினாள். மறுபடி வெளியே வந்து, சுடிதாரில் ஒட்டியிருந்த துண்டிலிருந்து ஓர் அம்பை உரித்து, பட்டன் போனின் மேல் ஒட்டி, அப்பாவின் முன்னால் மிஷின் மேஜையில் வைத்தாள். வேறு வழி தெரியவில்லை.

அழகுமலை போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். “என்ன டேமேஜ்?” என்றார்.

“நாந்தானுங்கப்பா ரீசார்ஜை நிறுத்துனது. தகரத்துல எல்லாம் இந்த நம்பருதான் இருக்குதுங்க. எத்தனை பேரு கூப்பிட்டாங்களோ தெரியல. நேத்துத்தான் மறுபடியும் போட்டேன். இன்னும் ஒருத்தருங் கூப்பிடலீங்க.” அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

அப்பா வேஸ்ட் துணியைக் கீழே வைத்தார். நகத்தால் மெதுவாக அந்த அம்பை உரித்தார். உரித்து, தன் சட்டைப் பையின் மேல், தன்னையே காட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டார்.

“பத்து நாளைக்கு முந்தியே இதுல ஒரு போன் போட்டுப் பாத்தேன் கண்ணு. போகல. நின்னு போச்சுன்னு அப்பவே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏனுங்கப்பா சொல்லல?”

“உன்ற டைரி அங்கதானே இருந்துச்சு. பாத்தேன். ஸ்கேல் வெச்சு அடிச்சிருந்தே. புள்ளை இத்தனை யோசிச்சு அடிச்சிருக்குது, அதுக்கு மேல எனக்கு ரீசார்ஜ் பண்ணிக் குடுன்னு எப்படிக் கேக்கறது? பெட்ரோலே ஒரு லிட்டர்ங்கறப்ப.”

சமையலறையிலிருந்து விஜயராணி கரண்டியோடு வந்து நின்றாள். அவள் முகத்தில் வேறு ஏதோ ஒரு கலவரம். “நேத்து ரீசார்ஜ் பண்ணியா? நேத்தா? அடக் கடவுளே. அதுக்குச் சார்ஜே இல்லையே கண்ணு.”

“என்னம்மா சொல்றீங்க?”

“சத்தமே போடறதில்லை, சும்மா எதுக்குக் கரண்டைத் திங்குதுன்னு நாந்தான் சார்ஜர்லருந்து புடுங்கிப் போட்டேன். போன வாரமே ஆப் ஆயிருச்சு.”

மூவரும் போனைப் பார்த்தார்கள். ஒருத்தி ரீசார்ஜை மிச்சம் பிடித்தாள். ஒருத்தி கரண்டை மிச்சம் பிடித்தாள். ஒருவர் வார்த்தையை மிச்சம் பிடித்தார். முதலில் யார் சிரித்தது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. “நல்ல குடும்பமுங்க நம்முளது” என்று அம்மா சொன்னது மட்டும் யாழினிக்கு நினைவிருக்கிறது. சார்ஜரை அம்மாவே செருகினாள். ஆனால் சிரித்து முடித்ததும் பேட்லாக் மிஷின் அங்கேயேதான் பளபளவென்று நின்றது. பொழுது விடிந்தால் ஞாயிறு.

நஞ்சப்பன் எட்டு மணிக்கே குட்டியானை வண்டியோடு வந்துவிட்டார். அழகுமலை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: “ஏனுங், பழைய போன் நம்பரு மறுபடி ஓடுதுங்க, வேலை வந்தா இது வேணும். மிஷின் குடுக்கறதா இல்லீங்க. உங்க அட்வான்ஸும் கையில இல்லீங்க, வாடகைக்குப் போயிருச்சு. ரெண்டையும் சேத்தியே சொல்லிப்போடறேன்.”

“இதை நேத்தே ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா வண்டி வாடகையாச்சும் எனக்கு மிச்சமாயிருக்குமல்லோ?”

“போனைப் பத்தி மட்டும் எங்களுகிட்டப் பேசாதீங்க” என்றாள் விஜயராணி. “உள்ள வாங்க. பால் இல்லீங்க, வரக்காப்பிதான்.”

“என்ற ஊட்லயும் அதேதானுங்க” என்று நஞ்சப்பன் செருப்பைக் கழற்றினார். காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, தன் குடோனில் இப்படி வாங்கிப் போட்ட பேட்லாக் பதினொன்று தூங்குகிறது என்றார். வாங்க ஆள் இல்லை. ஆனாலும் கொடுத்த பணத்துக்கு எதையாவது எடுத்தாக வேண்டும், வெறும் வண்டியாகப் போக முடியாது. அவர் கண் அறையைச் சுற்றி வந்து சிங்கரில் நின்றது. “இதுன்னா நாளைக்கே போயிருமுங்க. யூனிபாரம் தைக்கறவங்க கேட்டுட்டே இருக்கறாங்க. ஐயாயிரத்துக்கு ஈடு கட்டிக்கறேன்.”

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அது அவருடைய மிஷின் அல்ல. யாழினியும் அம்மாவைப் பார்த்தாள். முந்தின வாரமாக இருந்தால் அம்மா உடனே தலையாட்டியிருப்பாள், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“எனக்குக் குடுக்க மனசே இல்லீங்க” என்றாள் விஜயராணி. “சொல்லிப்போடறேன். ஆனா எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு, பக்கத்தூட்டுப் பழனாயி ஜாக்கெட் ஒரு கை பாக்கி. முடிச்சுக் குடுத்தறேன், சித்தெ இருங்க.”

கால் மணி நேரம் நஞ்சப்பன் காலி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அம்மா அவசரப்படாமல் அந்தக் கையைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, பாபினைக் கழற்றி டப்பாவில் போட்டாள். டப்பாவை மட்டும் கொடுக்கவில்லை.

வண்டி போன பிறகு தரையில் சிங்கரின் நான்கு கால்களின் தடம் இருந்தது. அம்மா அந்த இடத்தை அன்று கூட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டன் போன் அடித்தது. திருமுருகன்பூண்டி பக்கத்து யூனிட் ஒன்றிலிருந்து ஒரு சூப்பர்வைசர். முந்நூறு பீஸ், கழுத்துத் தையல் மட்டும் பிரித்து மறுபடி அடித்துத் தர வேண்டும். பேசி முடிக்கும்போது, “போன மாசமே இந்த நம்பருக்கு நாலஞ்சு தடவை அடிச்சேனுங்க” என்றார் அவர். “ரெண்டாயிரம் பீஸ் இருந்துது அப்ப. வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்.”

அப்பா அதை மறைக்காமல் வந்து சொன்னார். யாழினி அந்த எண்ணிக்கையை டைரியில் எழுதிக்கொண்டாள். தெரியாமல் இருந்ததைவிடத் தெரிந்தது அதிகமாக வலித்தது. ஆனாலும் இப்போது வலி ஓர் இடத்தில் இருந்தது, அலையவில்லை.

ஐப்பசி மாதச் செலவுகளை அவள் டைரியில் எழுதவில்லை. கட்டிங் பேட்டர்ன் அட்டை ஒன்றின் பின்பக்கம் பெரிதாக எழுதி, நிறுத்த வேண்டியவற்றை அடித்து, முன்னறைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். பக்கத்தில் அந்த அம்பு ஸ்டிக்கர் துண்டு. “எங்க தப்புன்னு தெரியுதோ, அங்க ஒட்டுங்க. சொல்ல வேண்டியதில்லை, ஒட்டுனாப் போதும்” என்றாள்.

“ஒட்டிட்டுச் சொல்லவும் சொல்லுவேன்” என்றாள் அம்மா. முதல் அம்பைப் பால் வரியில் ஒட்டினாள். “வரக்காப்பி குடிச்சு நாக்கு மரத்துப் போச்சு.”

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது யாழினி வழக்கம் போலப் பட்டன் போனை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். சிக்னல் இருந்தது. அரை நிமிஷம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தாள். இருந்தது. திரும்பியபோது அட்டையில் இன்னோர் அம்பு கண்ணில் பட்டது. கடைசி வரியில், ‘யாழினி டேலி வகுப்பு’ என்று எழுதி அவள் ஸ்கேல் வைத்து அடித்திருந்த இடத்தில். கோணலாக ஒட்டியிருந்தது. விரலில் எண்ணெய் இருந்திருக்க வேண்டும், அம்பைச் சுற்றி ஒரு கறை.

முன்னறையில் பேட்லாக் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தலை நிமிரவில்லை.

“அப்பா, வகுப்புக்குப் பீஸ் கட்ட வேண்டாமுங்களா? இந்த மாசம் எப்படி...”

“டேமேஜ்னா டேமேஜ்தான்” என்றார் அழகுமலை. “பஸ்ஸு போயிரும், கிளம்பு.”