பீம்ராவின் போஸ்டர்

சங்கமித்ரா மவுஸை மறுபடி அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா பீம்ராவ் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா, ஆச்சா? நாலு மணிக்கு எடுக்கணும். போஸ்டர் ஒட்ட ஆளுங்க நின்னுகினு கீறாங்க," என்றார் தாய்மாமன் பரசுராமன்.

"லோடு ஆவுது மாமா."

"ஞாயித்துக்கெழமதான ஃபார்மட் அடிச்ச? இன்னும் இப்டி கீது?"

அடித்தது அவள்தான். வியாசர்பாடியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அப்பாவின் இந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் தயாராகும். ஒன்றைத் திறக்கவே கால் மணி நேரம் பிடிக்கும். அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினாள்.

"என் வேலையெல்லாம் பத்திரமா கீதாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"தனியா எடுத்து வச்சிட்டேன் நைனா."

மறுநாள் எப்படி ஓடுகிறது என்று விசாரித்தாள். "சூப்பரா கீதும்மா," என்றார்.

பெயரையும் படத்தையும் மாற்றி அப்பாவுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அவள் தேர்ந்தெடுத்த பழைய போஸ்டர் ஒருவழியாகத் திறந்தது. அதில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாக ஒரே கிறுக்கல். ஃபைல்களை எடுத்தவள், அவற்றைத் தமிழாகக் காட்டும் அப்பாவின் பழைய ஃபாண்டுகளை எடுத்து வைக்க மறந்திருந்தாள். அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். நான்கு நாளாக இதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் 'பீம்ராவ்' என்று ஒரு ஃபைல் இருந்தது. தேதியைப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு முந்தையது. அப்பாவின் படம் மட்டும் தெளிவாக வந்தது, நீலச் சட்டையும் லேசான சிரிப்புமாக. ஊருக்கெல்லாம் செய்தவர் தனக்கும் செய்து வைத்திருக்கிறார். படத்துக்குக் கீழே ஐந்து வரி, ஒன்றும் புரியவில்லை. எண்களை மட்டும் படிக்க முடிந்தது. பிறந்த தேதி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு காலியிடம். அடியில் அவளுடைய செல் நம்பர்.

மாமா குனிந்து பார்த்தார். "இன்னா எழுதிகீறாரு?"

"தெரில மாமா. நான்தான் ஃபாண்ட அழிச்சிட்டேன்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். "போன்ல கீற போட்டோவ குடு. பிரஸ்ல சொல்லி அடிச்சிக்கலாம், வுடு." வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

காலியிடத்தில் அவள் இன்றைய தேதியைத் தட்டினாள். எண்கள் சரியாக விழுந்தன. சேமிக்கக் கொடுத்தாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.