சம்பந்தி மேல் ஒரு வழக்கு

விருந்துக்கு வந்தவர்கள் உட்காரத் தொடங்கியபோது நாற்காலி இரண்டு குறைந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

எலக்ட்ரீஷியன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியச் சாப்பாட்டுக்கு மருமகளின் அம்மா வந்துவிடுவார். மகனுக்குக் கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். சம்பந்தியம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கணவர் போன பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கி, அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரே ஒரு ஹாரன்தான் அடிப்பார். அடுத்த ஹாரனுக்கு அவரிடம் பேச்சே கிடையாது, அதற்குள் பிள்ளை ஓடி வந்திருக்க வேண்டும். ஹாரன் அக்கா என்று பிள்ளைகள் வைத்த பெயர் சம்பந்தி வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அன்று மகனின் நண்பர்கள் சிலரும் வந்திருந்தார்கள். மடக்கு நாற்காலிகள் வீட்டுக்குக் கீழே சாமான் அறையில் இருந்தன. எலக்ட்ரீஷியன் ஏதோ கதையை ஆரம்பித்திருந்தார். கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரைக் கிளப்புவது லேசான காரியம் இல்லை. "இருங்க, நான் எடுத்துட்டு வரேன்" என்று ஹாரன் அக்கா எழுந்து போனார்.

கீழே இறங்கும் படிக்கட்டில் விளக்கு எரியாது. பல வாரங்களாகவே எரியவில்லை. பல்பு மாற்றினால் சரியாகிற கோளாறும் இல்லை அது. உள்ளே ஹோல்டர் கருகிப் போயிருந்தது. எலக்ட்ரீஷியனுக்குக் கால் மணி நேர வேலை. வீட்டம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். இவரும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஊரார் வீட்டு ஒயரையெல்லாம் நாள் பூராவும் இழுத்துவிட்டு வருகிறவருக்கு, சொந்த வீட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தொட மனசே வராது.

கதையின் சிரிப்பான இடம் வந்து எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே சத்தம் கேட்டது. முதலில் நாற்காலி விழுந்த சத்தம், அதோடு இன்னொரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஹாரன் அக்கா படிக்குக் கீழே வலது பக்கமாக விழுந்து கிடந்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வாய் சொன்னது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். கை பழையபடி தூக்க வர மாதக்கணக்காகும், அதுவரை வண்டியை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேனுக்கு ஒரு மாற்று டிரைவரைப் போட்டார்கள். வருகிற வருமானம் அந்த டிரைவர் சம்பளத்துக்கே சரியாகப் போயிற்று.

எலக்ட்ரீஷியன் முதல் வாரம் முழுக்க ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தார். அந்த விளக்கை மறுநாள் காலையிலேயே சரி செய்துவிட்டார், யார் முகத்தையும் பார்க்காமல். அக்கம்பக்கத்தில் விஷயம் பரவியது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஆள் வீட்டில் இருட்டாமே என்று கடையில் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். இவரும் சிரித்து வைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

இது எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஹாரன் அக்காவின் தம்பி அவரை ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனார். வக்கீல் நிதானமான பெண்மணி. சம்பந்தி வீட்டுக்கு வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி அடிபட்டால் செலவைப் பார்த்துக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் அந்த இன்சூரன்ஸ், அதனால் பணம் சம்பந்தி கையிலிருந்து போகாது, கம்பெனிதான் தரும் என்று விளக்கினார். கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். தெரிந்த வீடு, பழகின படி, பார்த்து நடக்காதது அவருடைய தப்பு, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அப்படியானால் வழக்குப் போடுவதைத் தவிர வழியில்லை என்றார் வக்கீல். அதில் ஒரு சங்கடம் இருந்தது. வழக்கைக் கம்பெனி மேல் போட முடியாது. வீட்டுக்காரர் மேல்தான் போட வேண்டும். காகிதத்தில் எலக்ட்ரீஷியன் பெயர்தான் இருக்கும்.

ஹாரன் அக்கா இதைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் யோசித்தார். பிறகு, நான் ஒரு வார்த்தை அவர்களிடம் சொல்லிவிட்டுப் போடுகிறேன் என்றார். அது மட்டும் கூடாது என்று வக்கீல் தடுத்துவிட்டார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று கம்பெனி வழக்கையே திருப்பிப் போட்டுவிடுமாம்.

நோட்டீஸ் வந்த அன்று எலக்ட்ரீஷியன் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. வீட்டம்மாவுக்கு மனசு ஆறவே இல்லை. சாப்பிட வந்த வீட்டின் மேலேயே கேஸா, ஆஸ்பத்திரியில் சோறு ஊட்டினதெல்லாம் எந்தக் கணக்கு என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மருமகள். அவள் என்ன பேசுவாள்? அம்மாவுக்காகப் பேசினால் இங்கே ஆகாது, மாமாவுக்காகப் பேசினால் அங்கே ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள். திரும்பி வந்தால் அங்கே என்ன பேசினீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மகனோ இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கினான்.

எலக்ட்ரீஷியனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலாவது தேவலை. சம்பந்தியம்மா தன்னை அவ்வளவு வெறுத்துவிட்டார் என்றுதான் அவர் நினைத்தார். வெறுக்காமல் என்ன செய்வார் என்றும் நினைத்தார். கூடவே ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. அலட்சியம் என்று கோர்ட்டு எழுதிவிட்டால் லைசென்ஸ் என்னவாகும்? தன் வீட்டு விளக்கைப் பார்க்காதவனை எவன் வீட்டுக்குள் விடுவான்? ஏணியில் நின்றுகொண்டு இதே யோசனை. படுத்தால் தூக்கம் வராது, வந்தாலும் நிலைக்காது.

கம்பெனி அவருக்காக ஒரு வக்கீலை அமர்த்தியது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, சட்டையைப் போலவே பேச்சு. சம்பந்தி வீட்டாரோடு இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது அவர் போட்ட முதல் கட்டளை. பிறகு விளக்கைப் பற்றிக் கேட்டார். எலக்ட்ரீஷியன் ஆரம்பிப்பதற்குள் அவரே முடித்தும் வைத்தார்.

"அந்த விளக்கு அன்னிக்குத்தான் போயிருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாதானே உங்க மேல தப்பு. ஞாபகம் இல்லன்னு சொன்னாலே போதும் சார்."

பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்து நின்றார், அவ்வளவுதான். அந்தப் பதிலைச் சொன்னால் பெயரும் கெடாது, லைசென்ஸுக்கும் ஆபத்தில்லை, வீட்டம்மாவுக்கும் ஆறுதல். எலக்ட்ரீஷியன் தலையை ஆட்டினார். அது சரி என்ற ஆட்டலா, கேட்டுக்கொண்டேன் என்ற ஆட்டலா என்று அவருக்கே தெரியவில்லை.

வாக்குமூலம் எடுத்தது கோர்ட்டில் அல்ல, வக்கீல் ஆபீஸ் ஒன்றில். நீள மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள், மூலையில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொள்ள ஒரு பெண். நோட்டீஸுக்குப் பிறகு இரண்டு சம்பந்திகளும் முகம் பார்த்தது அன்றைக்குத்தான். ஹாரன் அக்கா இளைத்திருந்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பாட்டில் மூடியைத் திறக்கப் பார்த்தார். மூடி அசையவில்லை. எலக்ட்ரீஷியன் பாதி எழுந்துவிட்டார். அவருடைய வக்கீல் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தார். அக்காவின் வக்கீல் மூடியைத் திறந்து கொடுத்தார்.

சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகு அக்காவின் வக்கீல் எலக்ட்ரீஷியனிடம் நேராகவே கேட்டார், படிக்கட்டு விளக்கு எரியாதது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று.

மடிப்புக் கலையாத சட்டைக்காரர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. நல்லாவே தெரியும். வீட்ல சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. கால் மணி நேர வேலை. நான்தான் செய்யல."

தட்டச்சுக்காரப் பெண் அதை அப்படியே அடித்துக்கொண்டார்.  அத்தனை மாதமும் இந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்திருக்கிறோம் என்று எலக்ட்ரீஷியனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னும் ஏதாவது கேட்டால்கூடச் சொல்லத் தயாராக இருந்தார். யாரும் கேட்கவில்லை.

அடுத்து ஹாரன் அக்காவின் முறை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும், ஆமாம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அவருடைய வக்கீல் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். சட்டைக்காரர் விட்டதைப் பிடிக்கப் பார்த்தார். இறங்கும்போதே இருட்டாக இருந்தது உங்களுக்குத் தெரிந்ததா என்று கேட்டார்.

ஆமாம் என்றார் அக்கா. அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன், எரியல. போன் கையிலதான் இருந்துச்சு, அதுல வெளிச்சம் அடிச்சிருக்கலாம். இறங்கும்போது ஒண்ணும் ஆகல சார். ஏறும்போதுதான். ரெண்டு நடை எதுக்குன்னு ரெண்டு நாற்காலியையும் ஒண்ணா தூக்கிட்டேன். பிடிச்சுக்க கையே இல்ல. மேல எல்லாரும் சிரிக்கிறாங்க, என்னடா ஜோக்குன்னு காதை அங்க வெச்சுக்கிட்டே ஏறினேன்."

அவருடைய வக்கீல் கண்ணை மூடித் திறந்தார்.

எலக்ட்ரீஷியனுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி எடுக்க அவரை அனுப்பினதே தப்பு, வீட்டுக்காரன் நான்தான் போயிருக்க வேண்டும் என்று குறுக்கே சொன்னார். நீங்கள் எங்கே அனுப்பினீர்கள், நானாகத்தானே போனேன் என்றார் அக்கா. விளக்கு எரிந்திருந்தால் இரண்டு என்ன, நாலு நாற்காலிகூடத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள் என்றார் இவர். பத்துப் பிள்ளைகள் வேன் படியேறி இறங்கும்போது கம்பியைப் பிடி, கம்பியைப் பிடி என்று தினமும் கத்துகிறவள் நான், எனக்குப் புத்தி எங்கே போச்சு என்றார் அவர். தட்டச்சுக்காரப் பெண் கையைத் தூக்கி, ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு.

இரண்டு வக்கீல்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டவர் எதிராளிக்குச் சாட்சி சொல்கிறார். எதிராளி வழக்குப் போட்டவருக்குச் சாட்சி சொல்கிறார். இப்படிப்பட்ட கட்சிக்காரர்களை அவர்கள் படித்த புத்தகம் எதிலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிஷம் இடைவேளை என்று சொல்லிவிட்டு இருவரும் வெளியே போனார்கள். தட்டச்சுப் பெண்ணும் தேநீர் குடிக்கப் போனார்.

அறையில் சம்பந்திகள் மட்டும். 

"கை எப்படி இருக்கு?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"தோள் வரைக்கும் தூக்க வருது. அதுக்கு மேல அடம் பிடிக்குது." அக்கா கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் கேஸ் போடணும்னு நினைச்சேன் சம்பந்தி. பேசவே கூடாதுன்னுட்டாங்க."

"என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க. நீங்க என் மூஞ்சியிலயே முழிக்க விரும்பலன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"அட, நான் நீங்கதான் கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

 எலக்ட்ரீஷியன் மேஜை மேல் இருந்த இன்னொரு பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். முதல் பாட்டிலிலேயே தண்ணீர் மிச்சம் இருந்தது. அக்கா அதை விட்டுவிட்டு இதை எடுத்துக் குடித்தார்.

ஐந்து நிமிஷம் என்று போன வக்கீல்கள் வரும்போது வெகு நேரமாகியிருந்தது. கம்பெனியோடு போனில் பேசி முடித்திருந்தார்கள். தப்பு இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் விளக்கு விஷயம் தெரிந்தே இருந்ததால் பெரிய பங்கு வீட்டுக்காரருடையது. ஆஸ்பத்திரிச் செலவையும் வண்டி ஓட்டாத மாதங்களின் நஷ்டத்தையும் அந்தப் பங்குக்குக் கம்பெனி கொடுத்துவிடும், மிச்சம் அக்காவின் கவனக்குறைவுக்குக் கழிவு. வழக்கு கோர்ட்டு வாசலுக்குப் போகாது. சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வெளியே வரும்போது எலக்ட்ரீஷியன் தயங்கித் தயங்கி லைசென்ஸைப் பற்றிக் கேட்டார். சட்டைக்காரர் முதல் தடவையாக மனசுவிட்டுச் சிரித்தார். சொந்த வீட்டில் விளக்குப் போடாததற்கு லைசென்ஸைப் பிடுங்குவதென்றால் ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனும் மிஞ்ச மாட்டார் என்றார். என் வீட்டில் உயில் எழுதச் சொல்லி மனைவி கேட்டு வருஷக்கணக்காகிறது, நானும் நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். எலக்ட்ரீஷியனுக்கு அவர் மேல் இருந்த சங்கடமும் அதோடு போயிற்று.

வீட்டில் முதலில் ஓடி வந்தது மருமகள்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நிஜமாவா மாமா" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மகனுக்குப் போன் பண்ணிச் சிரித்துக்கொண்டே பேசுகிற சத்தமும் வந்தது.

வீட்டம்மா அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. தெரியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களா, அதற்கு ஒரு வக்கீல் வேறா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாப்பாடு பரிமாறும்போதும் கரண்டிதான் பேசியது. எலக்ட்ரீஷியன் ஒரு பிடி பிடித்தார். சோறு இரண்டு முறை கேட்டு வாங்கினார். அதைப் பார்த்ததும் வீட்டம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது. இந்த மனுஷன் இப்படிச் சாப்பிட்டு எத்தனை மாதமாகிறது என்று அவருக்கும் தெரியும்தானே.

சாப்பிட்டு முடித்து எலக்ட்ரீஷியன் கூடத்துச் சோபாவில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் வீட்டம்மா போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். முதலில் சுருக்கமாக, "ம்", "சரி" என்றுதான் கேட்டது. பிறகு, தோளுக்கு எந்த எண்ணெய் தடவுகிறீர்கள், அந்த மாற்று டிரைவர் ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கிறானா, குழந்தைக்குப் பல் முளைக்கிறது பார்த்தீர்களா என்று பேச்சு ஒன்றன் பின் ஒன்றாக வளர்ந்துகொண்டே போயிற்று. கேஸைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரும் ஞாயிறு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று வீட்டம்மா கேட்டபோது, அதற்கு என்ன பதில் வந்தது என்று எலக்ட்ரீஷியனுக்குக் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார்.