பேஸ்போல் மைதானத்தில் ஒரு சிதறுதேங்காய்

என் மகன் அபிஷன் விளையாடுகிற விளையாட்டுக்குப் பெயர் ஃபுட்போல். ஆனால் காலால் உதைப்பதைவிடக் கையில் காவிக்கொண்டு ஓடுவதுதான் அதில் அதிகம். ஏனடா இந்தப் பெயர் என்று கேட்டால், "இது அமெரிக்கன் ஃபுட்போல் அம்மா, உங்களுக்கு விளங்காது" என்பான். எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். சூரிச் பல்கலைக்கழகத்துக்குப் போன நாளிலிருந்து ஒரு பயிற்சி தவறாமல் போய்வருகிற பிள்ளையை ஏன் மூன்று வருடமாகக் களத்தில் இறக்காமல் வாங்கில் இருத்தி வைத்திருக்கிறார்கள்?

காரணம், அதே அணியில் ஆடுகிற ரேட்டோ. பந்தைப் பிடிக்கிற அந்த இடத்துக்கு ரேட்டோதான் முதல் ஆள். அவனால் முடியாவிட்டால்தான் அபிஷன். ரேட்டோ கெட்ட பிள்ளை இல்லை. ஓர்லிகோனில் எங்கள் வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைப்பான். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவான். நான் பொரிக்கிற மட்டன் ரோல்ஸ் தட்டில் மிஞ்சவே மிஞ்சாது. அவன் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு ஆசையாகவும் இருக்கும், வயிறும் எரியும். என் பிள்ளையின் இடத்தையும் பிடித்துக்கொண்டு என் ரோல்ஸையும் தின்கிறானே என்று.

2016 வைகாசியில் அவர்களுடைய மைதானத்துக்குப் புல் மாற்றினார்கள். அதனால் பருவத்தின் பெரிய ஆட்டத்தைப் பக்கத்துப் பேஸ்போல் கழகத்தின் மைதானத்தில் வைத்தார்கள். அபிஷனுக்கு அது கடைசி வருடம். ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குச் சாப்பாட்டு மேசை போடுகிறோம் என்று சொல்லி, நானும் என் மனுசன் இராஜசிங்கமும் அவனையும் ஏற்றிக்கொண்டு நேரத்தோடு போனோம். அவன் உடுப்பு மாற்றப் போய்விட்டான்.

பேஸ்போல் மைதானம் முழுக்கப் புல் இல்லை. அடிக்கிறவர்கள் ஓடுகிற பக்கம் பெரிய மண்தரை, அதுவும் நல்ல கபில நிறம். ஃபுட்போலுக்கு நீளச்சதுரமாகக் கோடு போட இடம் போதாமல், ஒரு மூலையை அந்த மண்ணுக்கு மேலாலேயே இழுத்திருந்தார்கள். மைதானத்தைப் பார்க்கிற ஹோஃபர் என்ற கிழவர் காலையிலேயே நீளப்பிடி வாரியால் மண்ணை இழுத்துச் சமப்படுத்தி, ஒரு கல்லும் இல்லாமல் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஒருத்தரும் இல்லை. தேங்காயை அடியுங்கோ" என்றேன்.

முதல்நாள் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போய்வந்தபோதே தேங்காயைப் பையில் வைத்துவிட்டேன். விக்கினம் தீரப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் போடுவதென்றால் விக்கினம் இருக்கிற இடத்திலேயே போடவேண்டும் என்பது என் கொள்கை. மண்தரையில் பதித்திருந்த வெள்ளைப் பலகையைக் காட்டி, "இதில அடியுங்கோவன்" என்றேன். அவர் காலால் மிதித்துப் பார்த்தார்.

"இது ரப்பர். தேங்காய் எகிறி என்ர மூஞ்சையிலதான் அடிக்கும்."

வீரர்கள் இருக்கிற வாங்குக் கொட்டகைக்கு முன்னால் சீமெந்து விளிம்பு இருந்தது. அதைக் காட்டினேன். அவர் தேங்காயை ஓங்கினார். நான் கண்ணை மூடி வாய்விட்டே கும்பிட்டேன். "பிள்ளையாரே, இண்டைக்காவது ரேட்டோவின்ர இடத்தை என்ர பிள்ளைக்குக் குடு."

தேங்காய் தூள்தூளாகச் சிதறி மண்தரை எல்லாம் பறந்தது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மனுசன் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

"விடுங்கோ. போட்ட ஆக்கள் பொறுக்கிறேல்லை."

"பெடியள் விழுந்து எழும்புற இடமப்பா."

"விடுங்கோ எண்டிறன்."

கோயில் வாசலென்றால் யாராவது பொறுக்குவார்கள், மிச்சத்தைக் கூட்டுவார்கள். இங்கே யார் பொறுக்கப்போகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. என் யோசனை எல்லாம் சுவிஸ்காரர் கண்டால் இதென்ன கூத்து என்று கேட்பார்களே என்பதுதான். வெள்ளையாகத் தெரிந்த துண்டுகளைச் சப்பாத்தால் மண்ணுக்குள் தள்ளி மூடினேன். சிரட்டைத் துண்டுகள் மண்ணின் நிறத்திலேயே கிடந்தன. அவற்றை நான் தேடவுமில்லை.

ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போல அபிஷன் வாங்கில், ரேட்டோ களத்தில். இரண்டாம் பாதியில் பந்து அந்த மண் மூலைக்கு வந்தது. ரேட்டோ கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து விழுந்து, மண்ணில் இழுபட்டுப் போனான். எழும்பியபோது கையுறைக்கு மேலே கை முழுக்க இரத்தம். நான் ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றேன். ரேட்டோவைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், பயிற்சியாளர் திரும்பி "அபிஷன்" என்று கூப்பிடுகிறார். நான் கேட்ட இடம் கிடைத்துவிட்டது.

கடைசியில் அபிஷன் பந்தைப் பிடித்து வெற்றிப் புள்ளியும் எடுத்தான். எல்லாரும் துள்ளினார்கள். என் கையும் தட்டியது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே பிடிப்பதில்லை.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஹோஃபரிடம் போய், இதெல்லாம் ஒரு மைதானமா, கல்லும் குப்பையுமாக வைத்துக்கொண்டு பிள்ளைகளை விழ விட்டாயே என்று கத்தினார். கிழவர் முழங்காலிட்டு மண்ணைக் கையால் தடவித் தடவித் தேடினார்.

"போய்ச் சொல்லுவம்" என்று மனுசன் என் காதுக்குள் சொன்னார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

"சும்மா வாங்கோ. பிள்ளையை அணியை விட்டுக் கலைச்சுப்போடுவாங்கள்."

அடுத்தநாள் அபிஷன் செய்தி கொண்டுவந்தான். ரேட்டோவுக்கு நரம்பு அறுந்து ஸ்பிற்றாலில் சேர்த்து வெட்டித் தைத்திருக்கிறார்கள். இனி இந்தப் பருவம் முழுக்க ஆட முடியாது. ஹோஃபரை மைதானப் பொறுப்பிலிருந்து நிற்பாட்டப் போகிறார்களாம். அவன் என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கண்ணை மூடினால் அந்தக் கிழவர் மண்ணைத் தடவுகிறார்.

திங்கட்கிழமை ரோல்ஸ் பொரித்துக்கொண்டு அபிஷனையும் இழுத்துக்கொண்டு ஸ்பிற்றாலுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு ரேட்டோ, "அம்மா" என்று சிரித்தான். அந்த ஒரு சொல்லிலேயே நான் பாதி செத்தேன். மேசையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. உள்ளே கையிலிருந்து எடுத்த துண்டு. மரத்துண்டு என்று டாக்டர் சொன்னாராம்.

"அது மரமில்லை" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் தொடங்கினேன். தேங்காய், பிள்ளையார், மண்ணால் மூடியது, ஹோஃபரில் ஒரு பிழையும் இல்லை என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகையும் வந்துவிட்டது.

ரேட்டோ வாயைப் பிளந்து கேட்டான். பிறகு கட்டில் குலுங்கச் சிரித்தான். "தேங்காயா? என் கைக்குள் தேங்காயா?" என்று குப்பியைத் தூக்கிப் பார்த்தான். ஹோஃபரைப் பற்றி இன்றைக்கே பயிற்சியாளருக்குச் சொல்கிறேன், இது தற்செயலாக நடந்தது, நீங்கள் அழவேண்டாம் என்றான். இடது கையால் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தான்.

"அது சரி, உடைக்கும்போது கடவுளிடம் என்ன கேட்டீர்கள்?"

பிள்ளை கள்ளமில்லாமல்தான் கேட்டான். "நீங்கள் எல்லோரும் வெல்லவேண்டும் என்று" என்றேன்.

"அப்படியென்றால் பலித்துவிட்டதே. வென்றுவிட்டோம்."

யன்னலோடு நின்ற அபிஷன் அப்போதுதான் வாயைத் திறந்தான். தமிழில், மெதுவாக.

"அம்மா, நான் கொட்டகைக்குப் பின்னால நிண்டு சப்பாத்து மாத்தினனான். நீங்கள் கும்பிட்டது எனக்குக் கேட்டது."

நான் சட்டென்று ரேட்டோவைப் பார்த்தேன்.

"மண்ணால மூடினதையும் கண்டனான். நீங்கள் போனாப்பிறகு பொறுக்கத்தான் வந்தனான்."

"பிறகேனடா பொறுக்கேல்லை?"

"பொறுக்கினாப் பலிக்காமல் போயிடும் எண்டு விட்டிட்டன்."

கோயிலுக்கு வா என்றால் சோதனைக்குப் படிக்கவேண்டும் என்று சொல்லித் தப்புகிற பிள்ளை. சாமி கும்பிடு என்றால் சிரிக்கிற பிள்ளை. என் வயிற்றெரிச்சலை நான் எனக்குள்ளே பூட்டி வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். அதை அவனுக்கும் ஊட்டித்தான் வளர்த்திருக்கிறேன்.

"என்ன சொல்கிறான்?" என்று ரேட்டோ என்னைக் கேட்டான். வாய் நிறைய ரோல்ஸ்.

இன்னொரு பொய் என் நாக்கில் தயாராக நின்றது. அதற்குள் அபிஷன் கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு அதில் இருந்தான். "ரேட்டோ, அம்மா கேட்டது அதில்லை" என்று ஜெர்மனில் தொடங்கினான். மனுசனின் கையைக் கிள்ளிய நான் அவனைத் தடுக்கவில்லை. ரேட்டோ கடித்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தான்.